தில்லைமுனையில் உயிர்ச்சேதம் இல்லை

உக்காருங்கம்மா, எடம் இருக்கு. பைய நான் மடியில வச்சுக்கிறேன். டவுனுக்குத்தானே? நானும் அங்கதான், தாலுக்காபீசுக்கு.

இப்ப ஜன்னல் வழியா பாத்தீங்களே, தண்ணிக்குள்ளயே பச்சையா நிக்கிதே, அதான் எங்க ஊரு காடு. அலையாத்திக் காடு. பாத்தா சாதாரணமாத்தான் இருக்கும். அதுக்கு வெல போட்டாங்க, தெரியுமா? விக்கிறதுக்கு இல்லம்மா, விக்காம இருக்கிறதுக்கு. மொதல்ல கேட்டப்ப நானும் இப்பிடித்தான் முழிச்சேன்.

எங்க ஊரு தில்லைமுனை. கப்பல்லேருந்து நெலக்கரி எறக்க ஜெட்டி கட்டணும், காட்டுல பாதி வேணும்னு ஒரு கம்பெனி கேட்டுச்சு. எங்க ஊரு தலைவரு அமிர்தகடேசன் அங்க இங்க அலைஞ்சாரு. கடைசியில ஒரு காலேஜிலேருந்து மூணு பேரு வந்தாங்க. அதுல நிவேதிதான்னு ஒரு பொண்ணு. மேடம் மேடம்னுதான் கூப்புடுவோம், ஆனா சின்னப் பொண்ணுதான். சேத்துல எறங்கும், நண்டு வளைக்குள்ள கைய விடும், கத்தும், மறுபடி விடும். நல்ல பொண்ணு. கொறை சொல்ல மாட்டேன்.

அது எங்கள எல்லாம் உக்கார வச்சு வெளக்குச்சு. "இந்தக் காடு உங்களுக்கு வேலை செய்யுதும்மா. மீன் குஞ்ச வளக்குது, அலைய மறிக்குது, காத்த மறிக்குது. இதையெல்லாம் காசு குடுத்து செய்யச் சொன்னா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போடப் போறோம். அந்தத் தொகையக் காட்டுனா, வெட்டுறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க"ன்னுச்சு. எங்களுக்கு ஒரே சிரிப்பு. "நாளைக்குக் காடு கூலி கேட்டு வாசல்ல வந்து நின்னா நாங்க எங்க போறது"ன்னு நான்தான் கேட்டேன். அதுவும் சிரிச்சுச்சு.

அப்பறம் புயலப் பத்திக் கேட்டாங்க. அதுக்கு முந்தின கார்த்திகையில அடிச்ச புயலு. எங்க ஊருக்கும் வடக்க வடமணலுக்கும் நடுவுல ஒரு முகத்துவாரந்தான். இந்தப் பக்கம் காடு இருக்கு, அந்தப் பக்கம் வெறும் மணலு. ஒரே புயலு, ஒரே காத்து. எங்க ஊர்ல ஓடு பறந்துச்சு, கோழி செத்துச்சு. அங்க வீடே இல்ல. அந்த வித்தியாசத்தத்தான் காட்டோட மதிப்புன்னு எழுதுறாங்களாம். அதுக்கு ரெண்டு ஊர்லயும் வீடு வீடாப் போயி விசாரிச்சாங்க. எங்க வீட்டுக்கு வந்தன்னைக்கு நான் இல்ல, கருவாட்டுக் கூடையோட சந்தைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்ல கேட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

எங்க வீட்டுக்காரரு அந்தப் புயல்ல போனவரும்மா.

போட்டு மெக்கானிக்கு. எஞ்சின் சத்தத்த வச்சே கோளாறு சொல்லுவாரு. கை எப்பவும் டீசலு வாசந்தான். வடமணல்ல போட்டு ஜாஸ்தி, மெக்கானிக்கு கெடையாது. அதனால வாரத்துல பாதி நாளு அங்கதான் கெடப்பாரு. வேலை அப்பிடி. ராத்திரி ஆயிட்டா அங்கயே தங்கிருவாரு, முகத்துவாரத்துல இருட்டுல வர முடியாது பாருங்க. புயலன்னைக்கும் அங்கதான் இருந்தாரு. தென்னமரம் மேல சாஞ்சு போயிட்டாரு. எங்க ஊருக்குக் கொண்டாந்துதான் எரிச்சோம். எங்களுக்குப் புள்ள கெடையாது, கடவுள் குடுக்கல. எங்க தம்பிதான் கொள்ளி வச்சான்.

கணக்கு முடிஞ்சதும், புயலுக்கு ஒதுங்குற கட்டடத்துல ஊரக் கூட்டுனாங்க. செவுத்துல படம் காட்டுனாங்க. மீனுக்கு இவ்வளவு, நண்டுக்கு இவ்வளவு, தேனுக்கு இவ்வளவு. எல்லாருக்கும் சந்தோஷம். நம்ம காட்டுக்கு இவ்வளவான்னு. அப்பறம் நிவேதிதா மேடம் புயல் கணக்குக்கு வந்துச்சு. ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, கோல வச்சுக் காட்டி, "வடமணல்ல நாலு உயிர் போச்சு. தில்லைமுனையில் உயிர்ச்சேதம் இல்லை"ன்னுச்சு.

நான் எந்திரிச்சிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு செத்தது உங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லையா?"ன்னேன்.

அந்தப் பொண்ணு பதறிப் போச்சு. "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. விட்டுப் போச்சு போலருக்கு. அவரு பேரு?"ன்னு கேட்டுச்சு. நான் பேரு சொல்லுவனா? பக்கத்துல இருந்த புள்ளதான் சொல்லுச்சு, கலியபெருமாள்னு. மேடம் கம்ப்யூட்டர்ல தேடுச்சு. மூஞ்சி தெளிஞ்சிருச்சு. "இல்லம்மா, விட்டுப் போகல. வடமணல் கணக்குல இருக்காரு. அங்க ஒரு வீட்டுக்குக் குடும்பத் தலைவர்னு சொல்லியிருக்காங்க"ன்னுச்சு. மைக்குலயே சொல்லுச்சும்மா. அதுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். தப்பு ஒண்ணும் நடக்கலங்கிற சந்தோஷத்துல சொல்லுச்சு.

அப்ப ஊர்ச்சனம் ஒண்ணு கூட நிமுந்து என்னயப் பாக்கல. எல்லாரும் தரையப் பாத்தாங்க. அதிர்ச்சி, பாவம். அவங்களுக்கும் அப்பத்தானே தெரியும், இப்பிடி ஒரு அநியாயமா எழுதி வச்சிருக்காங்கன்னு.

அன்னைக்கே தலைவரு பொண்டாட்டியோட வீட்டுக்கு வந்தாரு. "இந்திராணி, கோவப்படாம கேளு. எங்கயோ ஒரு எடத்துல இருந்துட்டுப் போகட்டும். காடு நின்ன ஊர்ல ஒரு உயிரு கூடப் போகலங்கிறதுதான் நமக்குப் பலம். நீ சத்தம் போட்டீன்னா கம்பெனிக்காரன் அதப் புடிச்சுக்குவான்"ன்னாரு.

"நான் சும்மா இருந்தா அவரு அங்க குடித்தனம் பண்ணவருன்னு ஆயிரும்ல?"ன்னேன்.

அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எனக்குத் தெரியாதது ஊருக்கு என்ன தெரியும்? காபி கூடப் போடல, அனுப்பிட்டேன்.

மறுநா அந்தப் பொண்ணே வந்துச்சு, கண்ணெல்லாம் செவந்து. யாரோ வெவரம்னு எதையோ சொல்லியிருக்காங்க. "அம்மா, காடு மறிக்கிறது எடத்தத்தான். அந்த நேரத்துல யாரு எங்க இருந்தாங்கன்னுதான் நாங்க பாக்குறோம். யாரு யாருக்குச் சொந்தம்னு பாக்குறதில்ல. அவரு வடமணல்ல இருந்தது நெசந்தானே?"ன்னு கேட்டுச்சு.

"இருந்தது நெசம். குடும்பத் தலைவருங்கிறது பொய்"ன்னேன்.

"அந்த வீட்ல சொன்னாங்கன்னா, வந்திருந்தவருன்னு மாத்திருவேன்"னுச்சு.

வந்திருந்தவரு. அது சரி. அதுதானே உண்மை? சரி, நானே போயி சொல்ல வைக்கிறேன்னு கெளம்பிட்டேன்.

பவுனுன்னு பேரு அவளுக்கு. என்ன விட வயசுல சின்னவ. அவளுக்கு முன்னாடியே கட்டுனவரு கடல்ல போயிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு எரக்க சுபாவம். வீட்டுக்குக் கூரை மாத்திக் குடுத்திருக்காரு, கரண்டு இழுத்துக் குடுத்திருக்காரு. அவளுக்குக் கரண்டாபீசுல கையெழுத்துப் போடத் தெரியாதாம், அதனால இவரு பேர்லயே வாங்கியிருக்காரு. எல்லாம் எனக்குத் தெரியும். ஒளிச்செல்லாம் செய்ய மாட்டாரு. நான் கேட்டதில்ல, அவரு சொன்னதில்ல, அவ்வளவுதான்.

வடமணல்ல எறங்குனா கண்ணு கூசும். ஒரு மறைப்பு கெடையாது. கடலு நேரா வாசலுக்கு வந்துருமோன்னு இருக்கும். பாதி வீட்டுக்கு இன்னும் தார்ப்பாயிதான். அவ வாசல்ல உக்காந்து மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தா. என்னயப் பாத்ததும் எந்திரிச்சு, கையக் கழுவக் கூட தோணாம அப்பிடியே நின்னா. கொடியில ஒரு ஊதாச் சட்டை கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு சட்டை. பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது. காணோம் காணோம்னு தேடிக்கிட்டிருந்தேன். வேலை செய்யிறப்ப அழுக்காயிருக்கும், அவுத்துப் போட்டுட்டு வந்திருப்பாரு. அத அவ இன்னும் தொவைச்சுக் காயப் போட்டுக்கிட்டிருக்கா.

ஒரு பொம்பளப் புள்ள ஓடியாந்து அவ முந்தானையப் புடிச்சுக்கிச்சு. யாழினின்னு பேரு. ஏழெட்டு வயசிருக்கும். "இவங்க யாரும்மா? அப்பா ஊரா?"ன்னு கேட்டுச்சு. சின்னப் புள்ளைங்க யாரையும் அப்பாங்கும். ஆசையா முட்டாயி வாங்கிக் குடுத்துருப்பாரு.

நான் நேரா விசயத்துக்கு வந்தேன். "அந்தக் காலேஜு பொண்ணு மறுபடி வரும். அவரு விருந்தாளியா வந்தவருன்னு சொல்லு. அது போதும் எனக்கு"ன்னேன்.

அவ மெதுவாத்தான் சொன்னா. "அக்கா, எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. சர்ட்டிபிகேட்டு உங்க பேர்ல, நிவாரணம் உங்களுக்கு, தாலி எறக்குனது உங்களுக்கு. தூக்கிட்டுப் போனப்ப நான் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். படகுல ஏற வேணாம்னுட்டாங்க. அவரு போனதுக்கப்பறம் எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லக்கா. அந்தப் பொண்ணுதான் வந்து உக்காந்து, உங்க வீட்ல யாரும் போயிட்டாங்களான்னு கேட்டுச்சு. வாயில வந்துருச்சு, சொல்லிட்டேன். அத மட்டும் எடுத்துராதீங்க."

அவளே மறுபடி, "அன்னைக்கு அவரு"ன்னு ஆரம்பிச்சா. "ஒண்ணும் சொல்லாத"ன்னேன். திரும்பி வந்துட்டேன். படகுல வரும்போது பூரா அழுகைதான். மணலு கண்ணுல பட்டுருச்சு, அங்க அப்பிடித்தான் அடிக்கும்.

அதுக்கப்பறம் ஜெட்டி வேணுமா வேணாமான்னு கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய பந்தல், போலீசு, ஆபீசருங்க. ரெண்டு ஊர்ச்சனமும் வந்திருந்துச்சு. நிவேதிதா மேடம் எந்திரிச்சு அழகா சொல்லுச்சு, காட்டோட மதிப்பு வருசத்துக்கு இத்தனை கோடின்னு. கம்பெனி தரப்புல ஒரு வக்கீலு. அவரு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாரு. கையில எங்க வீட்டுக்காரரோட சர்ட்டிபிகேட்டு நகலு. எங்க புடிச்சாங்களோ.

"கலியபெருமாள், விலாசம் தில்லைமுனை. புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கு ஊரை விட்டுப் போயிருக்காரு. காடு காப்பாத்தும்னு சொல்ற ஊர்க்காரரே காட்டை நம்பாம வெளியேறியிருக்காரு. அவங்களே நம்பாத காட்டுக்கு இவ்வளவு மதிப்பு எதுக்கு?"

பந்தலே சலசலன்னு ஆயிருச்சு. பெரிய ஆபீசரு, "அவரோட மனைவி இங்க இருக்காங்களா?"ன்னு கேட்டாரு. தலைவரு என்னயத் திரும்பிப் பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வைய மறக்க முடியாது. நிவேதிதா வேணாம்மா, வேணாம்மாங்கிற மாதிரி தலைய ஆட்டுச்சு. நான் போயி மைக்கப் புடிச்சேன். எதிர்ல பொம்பளைங்க பக்கத்துல பவுனு உக்காந்திருக்கா, மடியில அந்தப் புள்ள.

"உங்க கணவர் எதுக்கு வடமணலுக்குப் போனாரு?"ன்னாரு ஆபீசரு.

எஞ்சின் வேலைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த வக்கீலு காத்துக்கிட்டிருக்கான். புயல் வர்ற அன்னைக்கு எவன்யா எஞ்சின் பாப்பான்னு கேப்பான், தெரியுது. அவன் மூஞ்சியிலயே இருக்கு.

சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு காட்ட நம்பாம போகல. அங்க அவருக்கு வீடு இருக்கு. பொண்டாட்டி இருக்கு, புள்ள இருக்கு. அதனால போனாரு. இந்தப் பக்கம் காட்டுக்குப் பின்னாடி இருந்தவங்க ஒருத்தரும் சாகல. எங்க ஊர்ல யாரும் சாகல"ன்னேன்.

கை தட்டுனாங்கம்மா. என் ஊர்ச்சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. எம் புருஷன் எங்க ஊர்ல சாகலன்னு கை தட்டுனாங்க.

பொய்தான். காட்டுக்காகச் சொன்ன பொய்யி. ஒரு ஊரு பொழைக்குதுன்னா அந்த அளவு கூட சொல்லக் கூடாதா? அவரா இருந்தாலும் சொல்லுன்னுதான் சொல்லியிருப்பாரு. ஆனா எறங்கி வந்தப்ப பவுனு எந்திரிச்சு என் கையப் புடிக்க வந்தா. நான் ஒதுங்கிட்டேன்.

காடு தப்பிச்சுருச்சு. அதான் இப்ப பாத்தீங்களே. வெட்டக் கூடாதுன்னு உத்தரவு வந்தன்னைக்கு ஊர்ல பொங்க வச்சாங்க. என்னயக் கூப்பிட்டு மொத மாலை போட்டாங்க. நான் செஞ்சது பெரிய காரியம்னு தலைவரு பேசுனாரு. அவரு பொண்டாட்டி இப்பல்லாம் எங்கிட்ட ரொம்ப மரியாதையா இருக்கு. அதுதான் தாங்க முடியல. முன்னாடி மாதிரி சண்ட போட்டாக்கூட நல்லாருக்கும்.

ஜெட்டி நின்னுச்சாங்கிறீங்களா? எங்க நின்னுச்சு? முகத்துவாரத்தத் தாண்டி வடமணலுக்குப் போயிருச்சு. அங்க காடு இல்ல, கெடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்தக் கரைக்கு மதிப்புன்னு ஒண்ணும் தேறலன்னு சொல்லிட்டாங்க. இந்தக் கணக்கையே காட்டித்தான் சொன்னாங்களாம். நிவேதிதா போன்ல அழுதுச்சு. "நான் அதுக்காகப் போடலம்மா, அந்தச் சனங்களுக்கு மதிப்பு இல்லன்னு யாரு எழுதச் சொன்னாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்"னு. சாப்ட்டியா தாயின்னு கேட்டு வச்சுட்டேன்.

வடமணல்ல வீடெல்லாம் எடுக்குறாங்க. மாத்து எடம் குடுக்குறாங்க, டவுனுக்குப் பின்னால. பவுனு வீட்டுக்குப் பட்டா இல்ல, கரண்டு எங்க வீட்டுக்காரரு பேர்ல. வாரிசு நான். நான் போயி, இந்த வீடு அவரு இவங்களுக்காகக் கட்டுனது, இவங்க அவரு குடும்பம், எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான் அவளுக்கு மாத்து எடம். இல்லன்னா புள்ளயத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டியதுதான்.

போன வாரம் அவளே வந்தா. எங்க வீட்டு வாசல்ல, மொத தடவையா. உள்ள வான்னேன். வரல. படியிலயே உக்காந்துக்கிட்டா. வெவரத்தச் சொன்னா. நான் யோசிக்கிறேன்னேன். அப்ப எந்திரிச்சுப் போறவ, திரும்பி நின்னு, "அக்கா, நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லிடுறேன்"ன்னா. நான் வேணாங்கிறதுக்குள்ள சொல்லிட்டா.

"புயல் வருதுன்னு டிவியில சொன்னதும் வந்துட்டாரு. நாந்தான் சொன்னேன், அக்கா அங்க ஒத்தையா இருக்கும், அங்க போங்கன்னு. எங்க ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போறப்ப கூட சொன்னேன். 'அவளுக்குக் காடு இருக்கு. ஒங்களுக்கு என்ன இருக்கு'ன்னாரு. எங்கள உள்ள விட்டுட்டு, பக்கத்து வீட்டு ஆயாவக் கூட்டியாறேன்னு போனவருதான்."

என்னயத்தான் நெனச்சிருக்காரு பாருங்க. கடைசி நேரத்துலயும் என் நெனப்பு இருந்திருக்கு. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எவ்வளவு தெளிவா சொல்லியிருக்காரு. நான் அத நெனச்சு சந்தோஷப்பட்டேன். நெசமாத்தான் சொல்றேன், அன்னைக்குப் பூரா சந்தோஷமா இருந்தேன்.

அப்பறம் என்னமோ தெரியல. நண்டு புடிக்கக் காட்டுக்குள்ள போனேன். தண்ணி அசையாம நிக்கிது. காத்து மேலதான் போகுது, உள்ள ஒரு எலை கூட ஆடல. அவ்வளவு நல்லா மறிக்குது. எனக்கு அங்க நிக்க முடியல. பொறியப் போட்டது போட்டபடி ஏறி வந்துட்டேன். அதுக்கப்பறம் போகவே இல்ல. நீங்க இப்ப ஜன்னல் வழியா அதப் பாத்தப்ப, நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன், கவனிச்சீங்களா?

எழுதிக் குடுக்கப் போறேனான்னு கேக்குறீங்க. மைக்குல ஊரு முன்னாடி சொன்னதத்தானே எழுதப் போறேன். சொன்ன பொய்ய மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்? அந்தப் புள்ளைக்கு அப்பா பேரு கேட்டா, நானே சொல்லிடுறேன்னு வச்சிருக்கேன். பவுனு படிச்சவ இல்ல, தப்புத் தப்பா சொல்லி வச்சிருவா.

தாலுக்காபீசு வந்துருச்சு. அதோ, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம், வெயில்லயே நிக்கிறாங்க பாருங்க ரெண்டு பேரும். நிழலு இருக்கே, தள்ளி நிக்கக் கூடாதா? கொஞ்சம் கால ஒதுக்கிக்கங்கம்மா. யாழினி! ஏ யாழினி! ஓடியாராத, பஸ்ஸு நிக்கட்டும். நானே வரேன்.